சுறாவுக்கு டேக் போடுவது: கேட்டவர்களுக்குப் பதில்

மணி: டேக் போட்ட சுறா இப்போது எங்கே இருக்கிறது என்று ஃபோனில் நேரலையாகப் பார்க்கலாமா?

முடியாது. உப்புத் தண்ணீர் ரேடியோ அலையை விழுங்கிவிடும். டேக் என்பது சுறாவின் நடமாட்டத்தைப் பதியும் சிறு கருவி. முதுகுத் துடுப்பில் மாட்டிய டேக், துடுப்பு நீருக்கு மேலே வந்தால்தான் செயற்கைக்கோளுக்குச் சேதி அனுப்பும். ஆழத்திலேயே கிடக்கும் மீனுக்கு, குறித்த நாளில் தானே கழன்று மிதந்து வரும் டேக். அதுவரை வெளிச்சம், ஆழம், வெப்பம் மூன்றையும் பதிந்துகொண்டே இருக்கும். விடியலும் அந்தியும் எப்போது என்பதிலிருந்து தீர்க்கரேகை, பகலின் நீளத்திலிருந்து அட்சரேகை. மார்ச்சிலும் செப்டம்பரிலும் பகலும் இரவும் சமமாகும் நாட்களில் அட்சரேகைக் கணக்கு சொதப்பும். சுறா மலையேறியதாக வரைபடம் காட்டினால் சிரித்துவிட்டு விடுங்கள்.

செல்வி: பெருங்கடலையே கடக்குமா?

நிக்கோல் என்ற வெள்ளைச்சுறாவுக்கு 2003-ல் தென்னாப்பிரிக்காவில் டேக் போட்டார்கள். 99 நாளில் மேற்கு ஆஸ்திரேலியா. ஒன்பது மாதத்துக்குள் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது. திரும்பியபோது டேக் இல்லை, துடுப்பின் விளிம்பிலிருந்த வெட்டுகளை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

ராஜா: நேரலையில் எந்த ஆப்?

மணிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கபிலன்: தூண்டிலில் மாட்டிய சுறாவை படகில் ஏற்றி டேக் போடலாமா?

பயிற்சியும் அனுமதியும் இல்லாமல் தொடவே வேண்டாம். வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள். சுறாவுக்கு விலாக்கூடு கிடையாது, நீருக்கு வெளியே அதன் எடையே உள்ளுறுப்புகளை நசுக்கும். சுத்தியல் போன்ற தலையுள்ள கொம்பன் சுறா என்றால் இன்னும் மோசம், போராடியே செத்துவிடும்.

யாழினி: துடுப்பில் துளை போடுவது சித்திரவதை இல்லையா?

'நகம் வெட்டுவது மாதிரிதான்' என்று சமாதானம் சொல்பவர்களோடு நான் ஒத்துப்போகவில்லை. துடுப்பு உயிருள்ள திசு. வருடக்கணக்கில் டேக் தங்கி, துடுப்பு சிதைந்துபோன சுறாக்கள் உண்டு.

யாழினி: அப்படியென்றால் ஏன் செய்கிறீர்கள்?

குட்டி போடும் இடத்துக்கு எந்த வழியாகப் போகிறது என்று தெரியாமல் எந்தக் கடலில் வலையைத் தடுப்பீர்கள்? ஆனால் பத்து மீன் போதுமென்றால் பதினோராவதைப் பிடிக்கக் கூடாது.

சேகர்: யாழினி சொல்வது சரி, புகைப்படமே போதும்.

உடலெங்கும் புள்ளியுள்ள திமிங்கலச் சுறாவுக்கு, ஓரளவு. புள்ளிகளின் அமைப்பை வைத்து ஆள் பிரிக்கலாம், நட்சத்திரங்களை ஒப்பிட எழுதிய கணக்குமுறையைத்தான் அதற்குப் பயன்படுத்தினார்கள். படத்தில் அது எத்தனை மீட்டர் ஆழம் போனது என்று தெரியுமா சேகர்?

சேகர்: தேவையே இல்லாத தகவல்.

வலை எந்த ஆழத்தில் விழுகிறது என்று மீனவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.

பவானி: கரையில் ஒரு டேக் கிடைத்தது.

தூக்கிப் போடாதீர்கள்! செயற்கைக்கோள் வழியாக வருவது சுருக்கம்தான், முழுப் பதிவும் அதற்குள் இருக்கிறது. அதிலுள்ள முகவரிக்கு, கிடைத்த இடமும் நாளும் குறித்து அனுப்புங்கள்.

ராஜா: அப்போ ஜிபிஎஸ்?

வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள், ராஜா.