குளத்தில் பார்க்க என்ன இருக்கு?

கேள்வி:

எனக்கு வயது 46. கிளிநொச்சியில் இருக்கிறோம். கணவர் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். மகள் யாழ்ப்பாணம் பல்கலைக்கழகத்துக்குப் போனபிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சுவிஸில் லுசேர்ன் நகரத்தில் இருக்கும் என் தங்கச்சி, தன் மனுசனோடு ஏரியில் கப்பலேறி, ஊர் ஊராக இறங்கிப் பார்த்துவிட்டுப் பின்னேரம் வீடு திரும்பிய படங்களை அனுப்பியிருந்தாள். எங்களுக்குக் கலியாணமாகி 22 வருடம். அப்படி ஒரு நாள் நாங்கள் போனதே இல்லை. எங்களைச் சுற்றி எத்தனை குளம் இருக்கு, நாங்களும் போவோமே என்றால், “குளத்தில பாக்க என்ன இருக்கு? தண்ணிதானே” என்கிறார். சரி, நந்திக்கடல் பக்கமாவது போவோம் என்றேன். ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போய்விட்டார். 2009இல், கடைசிச் சண்டை நேரம், நானும் பிள்ளையும் வவுனியாவில் அம்மா வீட்டில் இருந்தோம்; அவர் மட்டும் சண்டை நடந்த இடத்துக்குள்ளே இருந்தார். நான் கேட்டது பிழையா? அப்படி ஒரு நாளைக் கழிக்க இங்கே வழி இருக்கா?

வாசகி, கிளிநொச்சி

பதில்:

தங்கச்சி, கேட்டதில் பிழை இல்லை. ஆனால் இரண்டு தண்ணீரையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டீர்கள். குளம் என்றதும் வாய் திறந்து மறுத்தவர், நந்திக்கடல் என்றதும் வாயே திறக்கவில்லை. முதல் மறுப்பு கடைக்காரருடையது. கடையில் யார் நிற்பது, பெற்றோலுக்கு எவ்வளவு என்ற கணக்கெல்லாம் அதற்குள் இருக்கும். பேசித் தீர்க்கலாம். மற்றது வேறு. 2009 மே மாதத்தில் அந்தக் களப்புக்குள் இறங்கியும் வட்டுவாகல் பாலத்தால் நடந்தும் வந்த சனத்தில் அவரும் ஒருவராக இருந்தால், அந்தக் கரையில் பாய் விரித்துச் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்க அவருக்கு மனம் வராது. ஏன் எழும்பிப் போனீர்கள் என்று துருவ வேண்டாம். தானாகக் கதைக்கிற நாளில் கேட்டுக்கொண்டிருங்கள், போதும். நந்திக்கடல் கரையில்தான் வற்றாப்பளை அம்மன் இருக்கிறாள். உப்புத் தண்ணீரில் விளக்கெரியும் வைகாசிப் பொங்கலுக்கு “போவமா” என்று ஒரு வருடம் அவரே கேட்கக்கூடும். அப்போது போங்கள். அதை நீங்கள் தொடக்க வேண்டாம்.

இனி, குளத்துக்கு வருவோம்.

உங்கள் தங்கச்சி அனுப்பிய படத்தை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. காசு மட்டும் காரணமில்லை. லுசேர்ன் ஏரி மலைகளுக்கு நடுவே பனியாறு குடைந்த பள்ளம். வெகிஸ், விட்ஸ்னாவ், புறுன்னன் என்று ஊர்கள் கரையோரத்திலேயே இருக்கின்றன. பல ஊர்களுக்கு ஒரு காலத்தில் றோட்டைவிடத் தண்ணீர்வழிதான் சுகம். 1837இலிருந்து அங்கே நீராவிக் கப்பல் ஓடுகிறது. 1901இல் கட்டிய ‘ஊரி’ என்ற துடுப்புச்சக்கரக் கப்பல் இன்றைக்கும் ஆட்களை ஏற்றுகிறது. உங்கள் தங்கச்சி அதிலேயே ஏறியிருக்கவும் கூடும்.

ஊரி ஓடத் தொடங்கி அடுத்த வருடம், 1902இல், இங்கே இரணைமடுவில் அணைக்கட்டு வேலை தொடங்கியது. எங்கள் குளம் மனுசன் கட்டியது. கனகராயன் ஆற்றை மறித்து, இரண்டு மடுவையும் ஒன்றாக்கி, தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கிறோம். தேக்கியது வயலுக்கு. தண்ணீர் பள்ளத்துக்குத்தானே பாயும்? அதனால் வயலும் வாய்க்காலும் வீடும் அணைக்கட்டுக்குக் கீழே. மேல்பக்கம் முழுக்கக் காடு. நீங்கள் எவ்வளவு தூரம் வள்ளத்தில் போனாலும் இறங்கித் தேத்தண்ணி குடிக்க ஒரு ஊர் வராது. பட்ட மரமும் நீர்க்காகமும்தான் வரும். எங்களுடைய கரையோர ஊரெல்லாம் கட்டுக்குக் கீழேதான். கனகராயன்குளம், பாண்டியன்குளம், செட்டிகுளம் என்று ஊருக்கே குளத்தின் பெயரை வைத்துவிட்டு இருக்கிறோம்.

ஆகவே நாளைத் திருப்பிப் போடுங்கள். வள்ளத்துக்கு ஒரு மணித்தியாலம், மிச்சம் முழுக்கக் குளக்கட்டுக்கு.

காலமை ஆறு மணிக்கே வெளிக்கிடுங்கள். ஏ9 வீதியில் இரணைமடுச் சந்தியால் கிழக்கே திரும்பினால் கொஞ்சத் தூரம்தான். கனகாம்பிகை அம்மனைக் கும்பிட்டுவிட்டுக் கட்டில் ஏறி நடங்கள். குளம் நிரம்பி 36 அடியைத் தொட்டு நிற்கிற நாளில், வெயில் ஏறமுன் பார்த்தால், உங்கள் மனுசன் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லத் தேவையில்லை. ஒரு பக்கம் கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர், மற்றப் பக்கம் கண்ணுக்கெட்டிய வரை நெல்.

இரவில் வலை போட்டவர்கள் விடிய வலையெடுத்துக்கொண்டு கரைக்கு வருவார்கள். நேர அட்டவணை போட்டு ஓடும் பயணிகள் படகெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். நன்னீர் மீன்பிடிச் சங்கத்துக்காரரிடம் முதல்நாளே கேட்டு வையுங்கள். மீனை இறக்கி நிறுத்து முடிக்கும்வரை அவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது. அது அவர்களுடைய சந்தை நேரம். அதற்குப் பிறகு, நேரத்துக்குரிய காசைப் பேசிக்கொண்டு, ஒருவர் உங்களை ஏற்றிக்கொண்டு போகக்கூடும். ஒடுக்கமான வள்ளம், நடுவில் அசையாமல் இருக்க வேண்டும். உயிர்காப்பு அங்கி இல்லையென்றால் ஏற வேண்டாம். இதில் விட்டுக்கொடுப்பு இல்லை. தண்ணீருக்கடியில் பழைய மரக்குற்றிகள் நிற்கும். அவர்களுக்குத்தான் வழி தெரியும். முதலையும் உண்டு. கைகால் நனைக்க ஆசை வந்தால், ஊர்ச்சனம் குளிக்கிற துறையில் மட்டும்.

காலத்தையும் பாருங்கள். கார்த்திகை, மார்கழியில் வான்கதவு திறந்து பாய்கிற நேரம் குளத்துக்குள் இறங்கும் கதையே வேண்டாம். ஆடி, ஆவணியில் தண்ணீர் வற்றிக் கரை தூரப் போய்விடும், காற்றும் விடாது. நானும் என் மனுசனும் ஒரு ஆடி மாதம் முத்தையன்கட்டில் வள்ளம் ஏறினோம். நடுக்குளத்தில் கச்சான் எழும்பியது. (கொறிக்கிற கச்சான் இல்லை, காற்று.) அரை மணித்தியாலத்தில் திரும்ப வேண்டியவர்கள் கரை சேர மத்தியானமாகிவிட்டது. அவர் வழி முழுக்க என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், நான்தான் காற்றைக் கூப்பிட்ட மாதிரி. மாசியும் பங்குனியும்தான் உங்களுக்குத் தோது. குளம் நிறைந்திருக்கும், மழை ஓய்ந்திருக்கும், வலசை வந்த பறவைகளும் திரும்பியிருக்காது.

மத்தியானச் சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போங்கள். புட்டும் மீன்குழம்பும் வாழையிலையில் கட்டினால் ஆறினாலும் ருசி போகாது. மருத நிழலில் இருந்து சாப்பிட்டு, அவர் ஒரு கண் அயரட்டும். கடைக்காரருக்குப் பகல் நித்திரை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை கிடைக்கும்?

எழும்பியபிறகு உற்சாகம் மிச்சமிருந்தால் முறிகண்டியால் மேற்கே திரும்பி அக்கராயன் குளத்துக்குப் போகலாம். சின்னக் குளம், ஆட்கள் குறைவு. வவுனிக்குளம், முத்தையன்கட்டு எல்லாவற்றையும் அதே நாளில் சேர்க்காதீர்கள். அது உலாத்தல் இல்லை, அலைச்சல். பொழுதுபடமுன் பெரிய றோட்டுக்கு வந்துவிடுங்கள், காட்டோரத்தில் யானை இறங்கும். முறிகண்டிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்து, சுடச்சுட ஒரு சுருள் கச்சான் (இது கொறிக்கிறது) வாங்கிக்கொண்டு வீடு திரும்புங்கள்.

கடைசியாக, இதை அவரிடம் எப்படிச் சொல்வது? சுற்றுலா, ஏரி, சுவிஸ் என்ற சொல் ஒன்றும் வாயில் வரக்கூடாது. தங்கச்சியின் படத்தையும் காட்ட வேண்டாம். மச்சான்காரனோடு ஒப்பிட்டால் எந்த மனுசனுக்கும் பிடிக்காது. “இரணைமடுவில விடிய மீன் உயிரோட கரைக்கு வருதாம், ஒருக்கா போய்ப் பாப்பமா” என்று மட்டும் கேளுங்கள். கடைக்காரர் விலை பேசாமல் இருக்க மாட்டார், பேசட்டும். கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைத்துவிட்டால் வள்ளத்தில் ஏறும் மனநிலை தானாக வரும். நாளை மட்டும் யோசித்துத் தெரிவு செய்யுங்கள். வெள்ளிக்கிழமை போனால் ஜப்பான் மீனையும் (திலாப்பியா) விராலையும் பார்த்துவிட்டுச் சும்மா வர வேண்டியதுதான்.