நிலாவில் நட்ட கொடி நம் டெலஸ்கோப்பில் தெரியுமா?

கேள்வி: நான் அரூர் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியர். முன்னாள் மாணவர்கள் சேர்ந்து ஆறு அங்குல டாப்சோனியன் டெலஸ்கோப் ஒன்றை வாங்கித் தந்தார்கள். நிலாவின் பள்ளங்களைப் பார்த்ததுமே பிள்ளைகள், "ஆம்ஸ்ட்ராங் நட்ட கொடியைக் காட்டுங்க சார்" என்று பிடித்துக்கொண்டார்கள். தேடித் தேடிப் பார்த்தும் தெரியவில்லை. இன்னும் பவர் கூடுதலான ஐபீஸ் (கண்ணை வைத்துப் பார்க்கும் லென்ஸ்) போட்டால் தெரியும் என்கிறார் விற்றவர். ஒரு மாணவனின் அப்பாவோ, "போயிருந்தால்தானே தெரியும்" என்கிறார். ஐபீஸ் வாங்கலாமா? அவருக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: ஐபீஸ் வாங்க வேண்டாம், காசு மிச்சம். உங்கள் ஆறு அங்குலத்தில் மட்டுமில்லை, இன்று பூமியில் இருக்கிற எந்த டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தாலும் அந்தக் கொடி தெரியாது.

விற்றவர் சொன்ன 'பவர்' என்பது உருப்பெருக்கம். ஒரு டெலஸ்கோப் எவ்வளவு நுணுக்கமாகக் காட்டும் என்பதை அது தீர்மானிப்பதில்லை. தீர்மானிப்பது கண்ணாடியின் விட்டம். ஒளி அலையாக வருவதால், ஒரு புள்ளியிலிருந்து வரும் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பும்போது புள்ளியாகவே குவிவதில்லை. சின்ன வட்டமாக விரிகிறது. கண்ணாடி சிறிதானால் வட்டம் பெரிதாகும். அருகருகே இருக்கும் இரண்டு புள்ளிகளின் வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்துவிட்டால், அப்புறம் எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் கிடைப்பது பெரிய மங்கல்தான்.

பாடப்புத்தகத்தில் இதைப் பகுதிறன் என்று நடத்தியிருப்பீர்கள். ஒரு டிகிரியை 3,600 பங்காக வெட்டினால் ஒரு பங்கு ஒரு வில்விநாடி. நிலா சராசரியாக 3,84,400 கி.மீ. தள்ளி இருப்பதால், அங்கே ஒரு வில்விநாடி என்பது ஏறக்குறைய 1.9 கி.மீ. உங்கள் ஆறு அங்குல, அதாவது 150 மி.மீ. கண்ணாடியின் பகுதிறன் முக்கால் வில்விநாடிக்குச் சற்று மேல். அதாவது நிலாவில் சுமார் ஒன்றரை கி.மீ. அகலமுள்ள பள்ளம் தெரிந்தால், உங்கள் டெலஸ்கோப் அதன் முழுத் திறமையையும் காட்டிவிட்டது என்று அர்த்தம். கொடியோ ஐந்தடிக்கு மூன்றடி. ஆம்ஸ்ட்ராங் போன அப்பல்லோ 11 விட்டுவந்த பொருட்களிலேயே பெரியது இறங்குகலத்தின் அடிப்பகுதி. கால்களையும் சேர்த்தால் சுமார் 9 மீட்டர்.

"சூரியன் தாழ்வாக இருக்கும்போது அதன் நிழல் நீளுமே சார்?" என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். கேட்க வேண்டிய கேள்விதான். மூன்று மீட்டர் உயரமுள்ள பொருளின் நிழல் நிலாவின் காலை வெயிலில் நூறு மீட்டர்கூட நீளலாம். அதுவும் ஒன்றரை கி.மீ.யில் ஒரு சிறு பங்குதான்.

சரி, பெரிய கண்ணாடி? உங்கள் ஊரிலிருந்து வடகிழக்கே, ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. அங்குள்ள வைணு பாப்பு டெலஸ்கோப்பின் கண்ணாடி 2.34 மீட்டர், 1986-இல் திறந்தது. விண்வெளியில் சுற்றும் ஹப்பிளின் கண்ணாடி 2.4 மீட்டர். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். கணக்குப்படி இரண்டுக்கும் நிலாவில் 90 மீட்டர் அளவு வரை பிரித்தறியும் திறன் உண்டு. ஆனால் காவலூருக்குத் தலைக்கு மேல் காற்று இருக்கிறது. அது சதா நெளிந்துகொண்டிருப்பதால், அருமையான மலையுச்சியிலேயே அரை வில்விநாடி நுணுக்கம் கிடைத்தால் நல்ல இரவு. காற்றுத் தொல்லை இல்லாத ஹப்பிள், 2005-இல் அப்பல்லோ 17 இறங்கிய பள்ளத்தாக்கைப் படம் எடுத்தது. மலைகள், பள்ளங்கள் எல்லாம் அழகாக விழுந்தன. விட்டுவந்த வண்டியோ கலமோ தெரியவில்லை.

கொடியைக் கொடி அளவுக்காவது பிரித்துக்காட்ட சுமார் 170 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடி வேண்டும், அதுவும் காற்றுக்கு வெளியே. சிலியில் இப்போது கட்டிக்கொண்டிருக்கும் மாபெரும் டெலஸ்கோப்பே 39 மீட்டர்தான்.

இன்னொரு சந்தேகமும் வரும். 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் ஆண்ட்ரோமீடா தெரிகிறது, பக்கத்தில் இருக்கும் நிலாவில் கொடி தெரியாதா? ஆண்ட்ரோமீடா வானத்தில் அடைக்கும் இடம் ஆறு முழுநிலாக்களை வரிசையாக வைத்த அளவு. மங்கலாக இருப்பதால் நமக்கு அது உறைப்பதில்லை. தூரத்தைவிட, கண்ணுக்கு எவ்வளவு கோணம் பிடிக்கிறது என்பதுதான் இங்கே கணக்கு.

அந்த அப்பாவிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள். 2023 ஆகஸ்ட் 23-ஆம் தேதி சந்திரயான்-3 இறங்கியதை அவரும் டிவியில் பார்த்துக் கைதட்டியிருப்பார். அதன் இறங்குகலமான விக்ரமும் எந்த டெலஸ்கோப்பிலும் தெரியாது. அப்படியானால் அதுவும் போகவில்லையா?

பூமியிலிருந்து தெரியாதது, நிலாவுக்குப் பக்கத்தில் போனால் தெரிகிறது. 2009-லிருந்து நிலாவைச் சுற்றும் நாசாவின் எல்.ஆர்.ஓ. விண்கலம் ஐம்பது கி.மீ. உயரத்திலிருந்தே அரை மீட்டர் நுணுக்கத்தில் படம் எடுக்கும். 2011-இல் இன்னும் தாழ்ந்து பறந்து எடுத்த படங்களில் அப்பல்லோ கலங்களின் அடிப்பகுதிகளும், வீரர்கள் நடந்த தடங்களும், வண்டிச் சக்கரத் தடமும் கோடு கோடாகத் தெரிகின்றன. அப்பல்லோ 12, 16, 17 கொடிகளின் நிழல் இன்னும் விழுவதையும் அதன் படங்களில் கண்டார்கள். பிள்ளைகள் கேட்ட கொடிதான் பாவம்: மேலே கிளம்பும்போது எஞ்சின் வீச்சில் அது சாய்ந்துவிட்டதாக, ஆம்ஸ்ட்ராங்குடன் இறங்கிய ஆல்ட்ரினே சொன்னார். அமெரிக்கக்காரன் எடுத்த படத்தை நம்ப மாட்டேன் என்றால், நம் சந்திரயான்-2 சுற்றுக்கலத்தின் கேமரா நூறு கி.மீ. உயரத்திலிருந்தே கால் மீட்டர் அளவுக்குக் காட்டக்கூடியது. விக்ரம் இறங்கிய பிறகு அதைப் படம் எடுத்ததும் அதுதான்.

2019-இல் மோதி உடைந்த முதல் விக்ரமின் சிதறலைத் தேடிக் கண்டுபிடித்தவர் சென்னையில் இருந்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன். அவர் டெலஸ்கோப்பைத் தொடவில்லை. எல்.ஆர்.ஓ. பொதுவில் போட்ட படங்களில் மோதலுக்கு முந்தையதையும் பிந்தையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புதிதாக முளைத்த ஒரு வெள்ளைப் புள்ளியைப் பிடித்தார். நாசா சரிபார்த்து அவர் பெயரோடு அறிவித்தது. உங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை அவசியம் சொல்லுங்கள்.

டெலஸ்கோப்பால் உணரக்கூடிய பொருள் ஒன்றே ஒன்று அங்கே உண்டு, ஆனால் படமாக அல்ல. அப்பல்லோ 11, 14, 15 வீரர்கள் வைத்துவிட்டு வந்த பிரதிபலிப்பான் தட்டுகள். முதலாவதில் நூறு சிறு முப்பட்டகங்கள். ஒளி எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அதே திசையில் திருப்பி அனுப்பும். நியூ மெக்சிகோவில் 3.5 மீட்டர் டெலஸ்கோப் வழியாக லேசரைப் பாய்ச்சுகிறார்கள். போய்ச் சேர்வதற்குள் கற்றை இரண்டு கி.மீ. அகலத்துக்கு விரிந்துவிடுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் கோடானுகோடி ஒளித்துகள்கள் கிளம்பினாலும், இரண்டரை விநாடி கழித்துத் திரும்பி வருவது ஒன்றோ இரண்டோ. அது போய்வர ஆகும் நேரத்தை அளந்துதான் நிலாவின் தூரத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிறார்கள், ஆண்டுக்கு 3.8 செ.மீ. அது விலகிப் போவதும் அப்படித்தான் உறுதியானது.

இனி உங்கள் மாலை நேர வகுப்புக்கு வருவோம். கொடியைக் காட்ட முடியாது, ஆனால் இடத்தைக் காட்டலாம். பௌர்ணமியன்று கூட்டம் கூட்டாதீர்கள். அன்று நிழலே இல்லாமல் நிலா வெள்ளைத் தட்டாக இருக்கும். அப்பல்லோ 11 இடத்துக்கு ஆறாம் பிறை, ஏழாம் பிறை நல்லது. மாசி, பங்குனியில் வளர்பிறை மாலையில் உயரமாக நிற்பதால் இன்னும் வசதி. வத்தல்மலை வரை போக வேண்டியதில்லை, நிலாவுக்கு இருட்டு தேவையில்லை. அசையாத காற்றுதான் வேண்டும். மொட்டை மாடி வேண்டாம். பகலில் வாங்கிய சூட்டை கான்கிரீட் இரவில் கக்கும்போது படம் கொதிக்கிற மாதிரி ஆடும். விளையாட்டு மைதானத்தின் மண் தரையில், ஒரு மணி நேரம் முன்பே டெலஸ்கோப்பை வெளியே வைத்து ஆறவிடுங்கள்.

10 மி.மீ. ஐபீஸே போதும். அமைதிக் கடல் என்ற கருஞ்சமவெளியின் மேற்குக் கரையில் சபின், ரிட்டர் என்று முப்பது கி.மீ. அகலத்தில் இரட்டைப் பள்ளங்கள் ஒட்டினாற்போல இருக்கும். சபினிலிருந்து கிழக்கே, சற்றுத் தெற்காக நகர்ந்தால் மோல்ட்கே என்ற சிறிய, பளிச்சென்ற பள்ளம். அதற்குச் சற்று வடக்கே வெறும் சாம்பல் சமவெளியாகத் தெரிவதுதான் அந்த இடம். காற்று ஒத்துழைத்தால் அதற்கும் வடக்கே மேற்கிலிருந்து ஆல்ட்ரின், கோலின்ஸ், ஆம்ஸ்ட்ராங் என்ற மூன்று குட்டிப் பள்ளங்களைத் தேடலாம். ஆம்ஸ்ட்ராங் 4.6 கி.மீ., கிடைத்துவிடும். கோலின்ஸ் 2.4 கி.மீ.தான், கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். வளர்பிறை அஷ்டமியன்று அபெனைன் மலைத்தொடரின் அடிவாரத்தில் ஹேட்லி வாய்க்காலைப் பாருங்கள். அப்பல்லோ 15 இறங்கியது அதன் கரையில்.

மறுநாள் கணினி அறையில், இலவசமாகக் கிடைக்கும் எல்.ஆர்.ஓ. குயிக்மேப் வரைபடத்தைத் திறந்து 0.67 வடக்கு, 23.47 கிழக்கு என்ற இடத்துக்குப் போய், கலத்தின் அடிப்பகுதி புள்ளியாகத் தெரியும் வரை பெரிதாக்கிக் காட்டுங்கள். அதன் அச்சுப்படி ஒன்றை மைதானத்துக்கும் எடுத்துப் போவதானால், தலைகீழாகப் பிடிக்கச் சொல்லுங்கள். டாப்சோனியனில் வடக்கு கீழே வரும், கிழக்கும் மேற்கும் இடம் மாறும்; இது தெரியாமல் தேடினால் சபினே சிக்காது.