வரப்பை உயர்த்தியும் மண் ஓடுகிறதே, என்ன செய்வது?

கேள்வி: 3 ஏக்கர் செம்மண் மானாவாரி நிலம். 100 அடிக்கு 3 அடி இறக்கம் இருக்கும். பலத்த மழை பெய்தால் மேல்மண் கரைந்து போகிறது. போன வருடம் கீழ்ப்பக்க வரப்பை இடுப்பளவுக்கு உயர்த்தினேன். முதல் பெருமழையிலேயே உடைந்துவிட்டது. இன்னும் பெரிதாகப் போடலாமா?

பதில்: வேண்டாம். அடுத்த முறை இன்னும் பெரிதாக உடையும், அவ்வளவுதான்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 25 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு ஏக்கரில் விழுவது சுமார் 1 லட்சம் லிட்டர் தண்ணீர். அதில் பாதி ஓடினாலும், 3 ஏக்கருக்கும் சேர்த்து ஒன்றரை லட்சம் லிட்டர் உங்கள் கடைசி வரப்பில் வந்து மோதுகிறது. எந்த மண் தாங்கும்? தண்ணீரை விழுகிற இடத்திலேயே, மேலிருந்தே தடுத்து வர வேண்டும்.

முதலில் உழவு. நிறைய பேர் சரிவோடு மேலும் கீழுமாக ஓட்டுகிறார்கள். டிராக்டருக்கு அது வசதி. ஆனால் ஒவ்வொரு சாலும் ஒரு குட்டி வாய்க்கால் ஆகிவிடுகிறது. சரிவுக்குக் குறுக்காக உழுங்கள், விதைப்பும் அப்படியே. செலவே இல்லாத வேலை இது.

அப்புறம் வரப்பு. ஒரே பெரிய வரப்புக்குப் பதில், ஏறக்குறைய 100 அடிக்கு ஒன்றாகச் சின்ன வரப்புகள் போதும். ஆனால் அவை சம உயரக் கோட்டில், அதாவது நெடுக ஒரே மட்டத்தில் போக வேண்டும். கொஞ்சம் தாழ்ந்த இடம் இருந்தாலும் தண்ணீர் அங்கே கூடி உடைத்துவிடும். கோடு பிடிக்கக் கருவி வாங்க வேண்டாம். 7 அடிக் கம்பு இரண்டின் நுனிகளைச் சேர்த்துக் கட்டி, கால்களை அகட்டி, நடுவில் ஒரு குறுக்குக் கம்பு கட்டுங்கள். உச்சியிலிருந்து கயிற்றில் கல்லைத் தொங்கவிடுங்கள். ஓரிடத்தில் நிறுத்திக் கயிறு குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் கோடு போடுங்கள்; அதே இடத்தில் ஒரு கால் இருந்த இடத்தில் மற்றதை மாற்றி வைத்து இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுதான் மட்டம். கயிறு அந்தப் புள்ளியில் நிற்கிற மாதிரி ஒவ்வொரு காலாக நகர்த்தி முளைக்குச்சி அடித்துக்கொண்டே போங்கள். கோடு வளைந்து வளைந்துதான் போகும், நேராக்க நினைக்காதீர்கள்.

வரப்பின் ஓரத்தில் மிஞ்சிய தண்ணீர் வெளியேறக் கல் பாவிய வழிந்தோடி ஒன்று கட்டாயம் விடுங்கள். நீங்கள் விட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். வரப்பின் மேல் வெட்டிவேர் நட்டால் வேர் ஆழமாக இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

அறுவடைக்குப் பின் பயிர்த் தாளை எரிக்காமல் மண்ணை மூடும் மூடாக்காக விடுங்கள். மழைத்துளி வெறும் மண்ணில் அடிப்பதுதான் அரிப்பின் முதல் படி. ஒரு மில்லிமீட்டர் மண் போனால் கண்ணுக்குத் தெரியாது. ஏக்கருக்கு அது சுமார் 5 டன்.

இந்தச் சம உயர வரப்பு யோசனை செம்மண்ணுக்குத்தான், கரிசலுக்கு அல்ல. கரிசலில் வெயிலில் வரப்பு வெடித்துவிடும், அங்கே தண்ணீரை மெல்ல வடியவிடும் சரிவு வரப்புதான் சரி.

வேலை முடிந்த பின் முதல் மழைக்குக் குடை பிடித்துக்கொண்டு ஒரு நடை போய்ப் பாருங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறதோ அங்கே ஒரு குச்சி நட்டு வையுங்கள். மறுநாள் மண்வெட்டியோடு போனால் வேலை சுலபம்.