ரென் தொப்பியா, பீரங்கித் தளமா? இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத் தாய் ஒருவருக்கு, அக்டோபர் 1942

அம்மா, மகளுக்குப் போர்ச்சேவை அழைப்பு வரப்போகிறது என்றதும் வீடே கலங்கிப் போயிருக்கிறது என்றீர்கள். சென்ற போரில் நச்சுப்புகையில் நுரையீரலைக் கெடுத்துக்கொண்டு வந்த கணவர் பக்கத்து அறையில் இருமிக்கொண்டிருக்கும்போது, மகளையும் பட்டாளத்துக்கு அனுப்பு என்றால் யாருக்குத்தான் பதறாது. ஆனால் ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. உறவினர்கள் சொல்லும் யோசனைகள் எதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.

சட்டம் தெளிவாக இருக்கிறது. போன டிசம்பரிலிருந்து 20 முதல் 30 வயது வரையுள்ள மணமாகாத பெண்களை அரசு கூப்பிடலாம். படையா, ஊர்க்காவல் வேலையா, தொழிற்சாலையா என்று அவள் விருப்பத்தைக் கேட்பார்கள். சும்மா வீட்டில் இருக்கிறேன் என்றால் விடமாட்டார்கள். அதற்குத்தான் உங்கள் கொழுந்தனார், "சட்டுபுட்டென்று ஒரு கல்யாணத்தை முடி" என்கிறார். கட்டாயப் படைச்சேவையிலிருந்து தப்பிக்க ஒரு ஆயுட்காலக் கல்யாணமா? மணமான பெண்களையும் தொழிலாளர் அமைச்சகம் வேலைக்கு அனுப்பத்தான் செய்கிறது. இந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடுங்கள்.

நாத்தனார் சொல்வது கடற்படை மகளிர் பிரிவு. அதில் சேர்ந்தவளை ரென் என்பார்கள். ரென் என்றால் நல்ல குடும்பத்துப் பெண் என்று பெயர், கருநீல உடுப்பு, இந்த ஆண்டு வந்த புதுத் தொப்பி வேறு. தொப்பி அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே இடம் கொஞ்சம், கூட்டம் அதிகம். கடற்படையில் உறவு, ஜெர்மன் மொழி, படகுப் பழக்கம் என்று ஏதாவது இருந்தால் கதவு திறக்கும். உங்கள் வீட்டில் ஒருவரும் கப்பலேறியதில்லை. விமானப்படை, வயல்வேலை, வெடிமருந்து ஆலை பற்றியெல்லாம் அக்கம்பக்கத்தில் போதும் போதுமென்று பேசியிருப்பார்கள். நான் வேறு சொல்ல வேண்டாம்.

நான் சொல்வது நீங்கள் முகம் சுளிக்கும் ஏ.டி.எஸ். தரைப்படையின் மகளிர் பிரிவு. காக்கி, தடித்த காலுறை, அதைவிட மோசமாக ஊர் வாய். ஒழுக்கம் கெட்ட இடம் என்ற வதந்தியை விசாரிக்க வயலட் மார்க்கம் என்ற அம்மையாரின் தலைமையில் குழுவே போட்டார்கள். ஆகஸ்டில் வந்த அறிக்கை, பரவிய கதைகளுக்கு ஆதாரமில்லை என்று சொல்லிவிட்டது. இன்னும் அதையே பேசுகிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

அந்த ஏ.டி.எஸ்.ஸிலும் ஒரு தனி வேலை இருக்கிறது: ஆணும் பெண்ணும் சேர்ந்து நடத்தும் விமான எதிர்ப்புப் பீரங்கித் தளம். போன ஆண்டு ஆஸ்வெஸ்ட்ரியில் பயிற்சி தொடங்கி, கோடையில் லண்டன் ரிச்மண்ட் பார்க்கில் முதல் அணி இறங்கியது. பிரதமர் சர்ச்சிலின் மகள் மேரியே இப்படி ஓர் அணியில்தான் இருக்கிறார். வேலை என்ன தெரியுமா? மணிக்கு 240 மைல் வேகத்தில் வரும் விமானம், குண்டு மேலே போய்ச் சேரும் இருபது வினாடிக்குள் ஒரு மைலுக்கு மேல் நகர்ந்துவிடும். விமானம் இருக்கும் இடத்தைச் சுட்டுப் பயனில்லை, இருக்கப்போகும் இடத்தைச் சுட வேண்டும். அந்த இடத்தைக் கணக்கிடும் பெட்டிதான் பிரெடிக்டர். அதைச் சுற்றிப் பெண்கள் நிற்பார்கள். ஒருத்தி தொலைநோக்கியில் கண்ணை வைத்து, சக்கரத்தைச் சுழற்றி, விமானம் போகும் திசையை விடாமல் பின்தொடர்வாள். இன்னொருத்தி அதுபோலவே ஏற்றக் கோணத்தைப் பிடித்துக்கொண்டே போவாள். கை ஒரு வெட்டு வெட்டினால் கணக்கு பிசகும். உயரமானியில் ஒருத்தி உயரம் சொல்வாள். வருவது நம் விமானமா, அவர்களுடையதா என்று முதலில் கண்டு சொல்பவளும் பெண்தான். கனமான குண்டைத் தூக்கி ஏற்றுவதும் சுடுவதும் மட்டும் ஆண்கள்.

இப்போது மகளைப் பாருங்கள். ஆலைக் கணக்கறையில் கூட்டல் பிசகாதவள். ஞாயிறானால் சைக்கிளை எடுத்துக்கொண்டு மேட்டு நிலத்துக்குப் போய், நிழலுருவை வைத்தே ஜெர்மன் ஹைன்கெல் விமானம் எது, நம் வெலிங்டன் எது என்று சொல்கிறவள். பீரங்கித் தளத்தில் அவளுக்கு முதல் நாளே வேலை இருக்கிறது. இதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கியது நீங்கள்தான், அவள் அல்ல.

செலவையும் ஆபத்தையும் மறைக்க மாட்டேன். ஒரே தரத்து ஆணின் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். உணவு, உடுப்பு, தங்குமிடம் அரசுடையது. ரேஷன் துணிக் கூப்பனைப் பற்றிய கவலை குறையும். ஆனால் அவள் அனுப்பும் பணத்தில் வாடகை கட்டலாம் என்று இப்போதே கணக்குப் போட்டால், நடுவில் கஷ்டப்படப்போவது நீங்கள். லீட்ஸ் பக்கமே போடுவார்கள் என்றும் எதிர்பார்க்காதீர்கள். சேற்றில் தகரக் கொட்டகை, நடுநிசியில் மணி அடித்தால் இரவு உடைமேலேயே கால்சட்டையை மாட்டிக்கொண்டு ஓட வேண்டும். ஏப்ரலில் சவுத்தாம்டனில் பிரெடிக்டரில் நின்றபடியே ஒரு பெண் குண்டுச் சிதறலில் இறந்தாள். போர் முடிந்த பிறகு பிரெடிக்டர் சுழற்றத் தெரிந்தவளைத் தேடி எந்த முதலாளியும் வரப்போவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். உயிர்க்கொல்லி ஆயுதத்தை இயக்குவதில் பங்கெடுக்க ஒரு பெண் எழுத்தில் சம்மதம் தர வேண்டும், இல்லாவிட்டால் யாரும் அவளைக் கட்டாயப்படுத்த முடியாது. பீரங்கியை ஆண்தான் சுடுகிறான் என்று அதிகாரிகள் சொல்வார்கள். குறி வைத்தது யார் என்று அவளுக்குத் தெரியும். அது மனசுக்கு ஒவ்வாது என்று அவள் சொன்னால், எழுத்தர், சமையல், வண்டியோட்டம் என்று ஏ.டி.எஸ்.ஸிலேயே வேலை நிறைய இருக்கிறது. நானே பட்டியல் தருகிறேன். சம்மதம் என்றால் உங்கள் கண்ணீருக்காக அவள் பின்வாங்கக் கூடாது. நேர்காணலுக்கு அவளைத் தனியாகவே அனுப்புங்கள். நாத்தனாரும் கூடப் போக வேண்டாம்.