மேட்டில் வழுக்கும் செயின்: சைக்கிள் கேள்வி–பதில்

கேள்வி: என்னுடையது பின்பக்கம் ஏழு கியர் உள்ள சைக்கிள். மேட்டில் எழுந்து நின்று மிதித்தால் செயின் ‘டக்’கென்று வழுக்கி, கால் வெறுமனே கீழே போகிறது. சமதரையில் ஒன்றும் தெரிவதில்லை. எண்ணெய் விட்டும் சரியாகவில்லை. இப்படியே ஓட்டலாமா?

பதில்: வேண்டாம். சரிசெய்யும்வரை நின்று மிதிக்கவே மிதிக்காதீர்கள். நின்று மிதிக்கும்போது மொத்த உடல் எடையும் ஒரே காலில் இறங்குகிறது. அந்த நொடியில் செயின் பல்சக்கரத்தின் பல்லைத் தாண்டினால் பெடல் சரேலென்று கீழே போகும், உடல் முன்னால் சரியும். நெஞ்சோ முகமோ ஹேண்டில்பாரில் மோதும், அல்லது நடுரோட்டில் பக்கவாட்டில் விழுவீர்கள். மெதுவாகப் போகும்போதும் இது நடக்கும் என்பதால் அசட்டையாக இருக்காதீர்கள்.

பெரும்பாலும் காரணம் தேய்மானம்தான். ‘செயின் நீண்டுவிட்டது’ என்று சொல்வது வழக்கம். உண்மையில் இரும்பு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ‘பின்’ என்கிற குட்டி ஆணியும் அதைச் சுற்றியுள்ள பகுதியும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட கண்ணிகளில் இந்தச் சிறு தேய்மானம் சேர்ந்து, செயினே நீண்டதுபோல் ஆகிறது. அப்படியான செயின் பல்லின் அடிக்குழியில் உட்காராமல் நுனியை நோக்கி ஏறி நிற்கும். பலமாக ஒரு மிதி விழுந்தால் தாவிவிடும். எண்ணெய்க்கு இதில் வேலையே இல்லை.

அளந்து பார்க்க ஓர் இரும்பு ஸ்கேல் போதும். பெடலை அழுத்தி, செயின் விறைப்பாக இருக்கும் மேல்பக்கத்தில் ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வையுங்கள். புதுச் செயினில் அடுத்தடுத்த பின்களுக்கு இடையே அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. எனவே சரியாக 12 அங்குலத்தில் இன்னொரு பின்னின் நடு வரவேண்டும். அது 1/16 அங்குலம் (சுமார் 1.5 மி.மீ.) தள்ளியிருந்தால் செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டது. அப்போதே மாற்றினால் பல்சக்கரங்கள் பெரும்பாலும் தப்பிவிடும். 1/8 அங்குலம் (சுமார் 3 மி.மீ.) தள்ளியிருந்தால் பின்பக்கப் பல்சக்கரத் தொகுதியையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பழைய பல்சக்கரத்தில் புதுச் செயினைப் போட்டதும் முன்பைவிட மோசமாக வழுக்கும். உடனே ‘செயின் மட்டமான சரக்கு’ என்று முடிவு கட்டிவிடுவார்கள். தேய்ந்த செயினுக்கேற்ப உருமாறிவிட்ட பல்லில் புதுச் செயின் பொருந்தாததுதான் காரணம்.

செலவு செய்யும் முன் இன்னொன்றையும் கவனியுங்கள். அதிகம் ஓட்டும் ஓரிரு கியர்களில் மட்டும் வழுக்கினால் அந்தப் பற்கள் தேய்ந்திருக்கின்றன. எந்தக் கியரிலும் ஒரே சீரான இடைவெளியில் ஒரு துள்ளல் வந்தால் ஏதோ ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. பெடலைப் பின்னோக்கி மெதுவாகச் சுற்றினால், கீழே உள்ள குட்டிச் சக்கரங்களைக் கடக்கும்போது அந்தக் கண்ணி வளையாமல் துள்ளுவது கண்ணுக்கே தெரியும். எல்லாக் கியரிலும் வழுக்குகிறது, ஆனால் செயின் பல்லைத் தாண்டவில்லை என்றால் ஃப்ரீவீலின் உள்ளே இருக்கும் கொக்கிகள் பிடிக்கவில்லை. அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

கேள்வி: சைக்கிள் ஒருமுறை வலப்பக்கமாக விழுந்தது. அதிலிருந்து பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினால் சக்கரத்தில் ‘டிக் டிக்’ சத்தம். கியர் மாறத்தான் செய்கிறது. கவலைப்பட வேண்டுமா?

பதில்: கட்டாயம். இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளிலேயே உடனே கவனிக்க வேண்டியது இதுதான். செயினை நகர்த்தும் டிரெய்லியர் தொங்குகிற காது, அதாவது ஹேங்கர், உள்நோக்கி வளைந்திருக்கக்கூடும். டிரெய்லியர் ஸ்போக்ஸ் கம்பிகளை உரசுவதால் அந்தச் சத்தம் வரும். இன்னும் ஓரிரு மில்லிமீட்டர் உள்ளே போனால் கம்பிகளுக்குள் சிக்கும், பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். கம்பிகள், டிரெய்லியர், சில சமயம் ஃப்ரேமின் அந்த மூலையே உடையும்.

பின்னால் குனிந்து பாருங்கள். டிரெய்லியரின் இரண்டு குட்டிச் சக்கரங்களும் பல்சக்கரத்துக்கு இணையாக நேர்க்கோட்டில் தொங்க வேண்டும். கீழ்ச்சக்கரம் உள்ளே சாய்ந்திருந்தால் ஹேங்கர் வளைந்துவிட்டது. சரிசெய்யும்வரை பெரிய பல்சக்கரத்துக்குப் போகாதீர்கள். டிரெய்லியரில் ‘எல்’ என்று குறித்த சிறு ஸ்குரூவை வலப்பக்கம் திருகினால், அது உள்ளே போகும் எல்லை குறையும். ஆனால் இது தற்காலிகத் தடுப்பு மட்டுமே. வளைந்த ஹேங்கரை ஸ்குரூ நிமிர்த்தாது. கழற்றக்கூடிய அலுமினிய ஹேங்கர் என்றால் புதிது வாங்குவது நல்லது. ஃப்ரேமுக்கு ஃப்ரேம் வடிவம் வேறுபடும், பழையதைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: கியர் லீவர் கனமாகிவிட்டது. கேபிள் முழுவதையும் மாற்றச் சொல்கிறார்கள். பிரேக் கேபிள், கியர் கேபிள் இரண்டும் ஒன்றுதானா?

பதில்: இல்லை. கியரின் உள்கம்பி பொதுவாக 1.2 மி.மீ. கனம். பிரேக்கினுடையது அதைவிடத் தடிப்பு. அதைவிட முக்கியம் வெளியுறை. கியர் உறைக்குள் கம்பிகள் நீளவாக்கில் இருக்கும், பிரேக் உறையில் சுருளாகச் சுற்றியிருக்கும். பிரேக்குக்குக் கியர் உறையைத் தயவுசெய்து போடாதீர்கள். அழுத்திப் பிடிக்கும் விசையில் அது பிளந்துவிடும், நிறுத்த வேண்டிய இடத்தில் பிரேக் இருக்காது.

கியர் கேபிள் லீவருக்குள், கண்ணில் படாத வளைவில்தான் இழை இழையாக அறும். லீவர் கனப்பது அதற்கு முன்னறிகுறியாக இருக்கலாம். முழுதும் அறுந்தால், பெரும்பாலான சைக்கிள்களில் செயின் மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு, அதாவது மிகக் கனமான கியருக்கு, தானாக இறங்கிவிடும். மேட்டின் நடுவில் அப்படி ஆனால் கஷ்டம். இப்போதே மாற்றிவிடுங்கள். உறைக்குள்ளும் துரு இருக்கும், அதனால் உள்கம்பி, வெளியுறை இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

கேள்வி: செயினுக்கு எவ்வளவு எண்ணெய்?

பதில்: ஒரு உருளைக்கு, அதாவது செயினின் ஒவ்வொரு பின்னையும் சுற்றியிருக்கும் குட்டி வளையத்துக்கு, ஒரே சொட்டு. முதலில் அழுக்கைத் துடையுங்கள். கீழ்ச்செயினின் உட்பக்கத்தில் சொட்டு விட்டு, பெடலைப் பின்னால் சுற்றிச் சில நிமிடம் ஊறவிட்டு, வெளியே நிற்பதைத் துணியால் ஒற்றி எடுங்கள். வெளியில் வழியும் எண்ணெய் மணலை ஒட்டவைத்து உப்புத்தாள்போல் தேய்க்கும். டிஸ்க் பிரேக் தட்டில் ஒரு துளிகூடப் படக்கூடாது. துடைக்கும் துணியை நீளமாகத் தொங்கவிடாமல், பல்சக்கரங்களிலிருந்து தள்ளி, கீழ்ச்செயினின் நடுவில் பிடியுங்கள். விரல் உள்ளே இழுபடும் ஆபத்து பல்சக்கரங்களின் பக்கத்தில்தான்.