மூலம்தானே, எதற்கு கொலோனோஸ்கோபி?

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. சர்க்கரை உண்டு, மூட்டுவலிக்கு அடிக்கடி மாத்திரை போடுவார். சில மாதங்களாக ஒரே அசதி. ஹீமோகுளோபின் 8.4, இரும்புச்சத்தும் குறைவு. பல வருடமாக மூலம் இருப்பதால் ரத்தம் அதில்தான் போகிறது என்று நினைத்தோம். டாக்டரோ வாய் வழியே கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபி, ஆசனவாய் வழியே விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபி இரண்டும் செய்யச் சொல்கிறார். குடலில் ஓட்டை விழுந்துவிடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். ஸ்கேன் போதாதா?

பதில்: போதாது. வயிற்று ஸ்கேனில் கல்லீரல், பித்தப்பையெல்லாம் நன்றாகத் தெரியும். குடலின் உட்சுவரில் இருக்கும் சின்னப் புண்ணோ, பாலிப் எனும் சதை வளர்ச்சியோ அதில் தெரியாது.

"மூலம்தான்" என்று நீங்களே முடிவு செய்ததுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. மூலம் உள்ள ஒருவருக்கே பெருங்குடலில் கட்டியும் இருக்கலாம். அதுவும் பெருங்குடலின் வலது பக்கம் வரும் புற்றுநோய் பல நேரம் வலிக்காது. ரத்தம் கண்ணுக்குத் தெரியாமல் மலத்தோடு கலந்து போய்க்கொண்டே இருக்கும். ரத்தசோகையே அதன் முதல் அறிகுறியாக வருவதுண்டு. இன்னொரு பக்கம், மூட்டுவலி மாத்திரைகள் இரைப்பையில் புண் உண்டாக்கி அங்கிருந்தும் ரத்தம் கசியலாம். அதனால்தான் மேலும் கீழும் பார்க்கச் சொல்கிறார்கள். காரணத்தைத் தேடாமல் இரும்பு மாத்திரை மட்டும் கொடுத்தால் ஹீமோகுளோபின் ஏறும், நோய் உள்ளேயே இருக்கும்.

ஓட்டை விழும் அபாயம் உண்மைதான், மறைக்க மாட்டேன். வெறுமனே பார்ப்பதற்கான கொலோனோஸ்கோபியில் அது ஏறக்குறைய ஆயிரம் பேரில் ஒருவருக்கு அல்லது அதற்கும் குறைவு. பெரிய பாலிப்பை அகற்றும்போது கூடும். மயக்க மருந்தால் மூச்சு மந்தமாகலாம் என்பதால் ஆக்சிஜன் அளவைப் பார்த்துக்கொண்டே செய்வார்கள். எண்டோஸ்கோபி சில நிமிட வேலை, அபாயம் இன்னும் குறைவு. தொண்டை ஓரிரு நாள் கரகரக்கும், அவ்வளவுதான்.

உண்மையில் சிரமமானது முந்தின நாள் குடலைச் சுத்தம் செய்வது. அந்த மருந்துத் தண்ணீரைப் பாதியில் நிறுத்திவிட்டால் மலம் மறைத்துப் பாலிப் தப்பிவிடும், மறுபடி செய்ய வேண்டிவரும். இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே கீரை, கொய்யா, விதையுள்ள காய்கள் வேண்டாம். முந்தின நாள் இளநீர், பால் சேர்க்காத டீ போன்றவை சரி. மோர் கூடாது, நிறையப் பேர் தவறுவது இங்கேதான். இரும்பு மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுத்து ஒட்டும், எத்தனை நாள் முன் நிறுத்த வேண்டும் என்று கேளுங்கள். சாப்பாடு இல்லாத நாளில் சர்க்கரை மாத்திரையை வழக்கம்போல் போட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும், அந்த அளவையும் கேட்டு எழுதி வையுங்கள். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை ஏதாவது போடுகிறார் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அன்று கூட ஒருவர் போகவேண்டும். மறுநாள் வரை அப்பா வண்டி ஓட்டக்கூடாது. காற்று நிரம்பி வயிறு உப்பியிருப்பது சில மணி நேரத்தில் சரியாகிவிடும். வலி கூடிக்கொண்டே போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, மலம் தார்போல் கறுத்தாலோ, ரத்தமாகப் போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள், இரவானாலும் சரி. பாலிப் எடுத்திருந்தால் இரண்டு வாரம் வரைகூட ரத்தம் கசிய வாய்ப்புண்டு. அதுவரை தூரப் பயணம் வேண்டாம்.