பதிவெண் இல்லாத பலகைகள்

கேள்வி: 2003-ஆம் ஆண்டுப் போரில் பாக்தாத்தின் ஈராக் தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டதே, அங்கிருந்து போன தொல்பொருள்கள் திரும்பக் கிடைத்துவிட்டனவா?
— வாசகர், கும்பகோணம்

பதில்: ஏறத்தாழ பாதி கிடைத்திருக்கின்றன. காவலின்றிக் கிடந்த அந்த ஏப்ரல் நாள்களில் சுமார் 15,000 பொருள்கள் களவு போயின. ஐயாயிரம் ஆண்டுப் பழைமையுள்ள வார்க்கா சாடி, பொதுமன்னிப்பு அறிவிக்கப்பட்ட பின், ஜூன் மாதத்தில் ஒரு காரின் டிக்கியில் துண்டு துண்டாக வந்து சேர்ந்தது. சுமார் 150 கிலோ எடையுள்ள பஸெத்கி செப்புச் சிலையோ, மசகு பூசப்பட்ட நிலையில் ஒரு கழிவுக் குழிக்குள்ளிருந்து எடுக்கப்பட்டது.

நிலவறையில் புகுந்தவர்கள் விவரம் அறிந்தவர்கள். கையில் சாவியே வைத்திருந்தார்கள். மின்சாரம் இல்லாத இருட்டில் நுரைப்பஞ்சைக் கொளுத்தி வெளிச்சம் உண்டாக்கிக்கொண்டு போனவர்கள், சாவியைத் தவறவிட்டுத் தேடியும் காணாமல், பூட்டிய அலமாரிகளைத் திறக்க முடியாமல் திரும்பினார்கள். ஆனால் அருகில் பிளாஸ்டிக் பெட்டிகளில் இருந்த சுமார் 5,000 உருளை முத்திரைகள் (களிமண்ணில் உருட்டி அச்சுப் பதிக்கும் சிறு கல் உருளைகள்) போய்விட்டன. ஒவ்வொன்றும் விரல் கணு அளவுதான்; சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எல்லையைக் கடந்துவிடலாம்.

இருந்தாலும், அருங்காட்சியகத்துப் பொருளுக்குப் பதிவேடு உண்டு. எந்த நாட்டு ஏலத்தில் தலைகாட்டினாலும் இது எங்களுடையது என்று உரிமை கோர முடியும். என் கவலையெல்லாம் தெற்கு ஈராக்கின் உம்மா, இசின் போன்ற பழைய நகரங்களின் மண்மேடுகளைப் பற்றியது. அதே காலத்தில் அம்மேடுகளை நூற்றுக்கணக்கான குழிகளாகத் தோண்டி எடுத்துச் சென்றவற்றை அதற்கு முன் எவரும் பார்த்ததில்லை, எண்ணியதுமில்லை. அருங்காட்சியகம் இழந்த பொருள்கள் 15,000 என்றால், 2021-இல் அமெரிக்கா ஈராக்கிடம் ஒப்படைத்தவை மட்டும் ஏறத்தாழ 17,000. அவற்றில் பெரும்பாலானவை, அருங்காட்சியகத்தின் வாசலையே காணாமல், மண்ணிலிருந்து நேராகச் சந்தைக்குப் போன, ஆப்பு வடிவக் கோடுகளாலான பழங்கால ஆப்பெழுத்து பொறித்த களிமண் பலகைகள்.

பலகை திரும்பிவிட்டதே என்று ஆறுதல் கொள்ளலாம்தான். வாற்கோதுமை அளந்து கொடுத்த கணக்கு அதில் எழுதப்பட்டிருந்தால் இன்றும் படித்துவிட முடியும். ஆனால் அது கோயில் களஞ்சியத்தில் இருந்ததா, ஒரு வணிகரின் வீட்டு மூலையில் இருந்ததா, பக்கத்தில் வேறு என்னென்ன பலகைகள் அடுக்கப்பட்டிருந்தன என்பதையெல்லாம் தோண்டியவனின் மண்வெட்டி அன்றைக்கே அழித்துவிட்டது.